வாசலுக்குப் போன கணப்புச் சட்டி

பேரன் ஒரு தும்மல் போட்டால் போதும், வீடே எழுந்து நின்றுவிடும். மருமகள் பிரியா அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு ஓடி வருவாள். மகன் தினகரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்பான். இருளப்பன் காலையிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறார். யாராவது அதைக் காதில் போட்டுக்கொண்டார்களா என்றால், கிடையாது. அவருடைய இருமல் அந்த வீட்டில் சுவர்க் கடிகாரச் சத்தம் மாதிரி. ஓடுகிறதா, ஓடட்டும்.

தேயிலை ஃபேக்டரியின் சல்லடை அறையில் காலமெல்லாம் தூளைத் தின்ற நெஞ்சு அவருடையது. அந்த நெஞ்சுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நேற்று முளைத்த கிருத்திக்குக்கு வீசிங் என்றதும் குன்னூர் டாக்டர், மீன் படம் போட்ட முகமூடியோடு நெபுலைசர் மெஷின், புது ஸ்வெட்டர், தினம் ஒரு முட்டை. அவருக்கு ஒரு இன்ஹேலர். "மாமா, மறக்காம அடிச்சுக்கங்க" என்று செருப்பை மாட்டியபடியே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கவனிப்பு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். கணப்புச் சட்டியில் கை வைத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிலோனிலிருந்து வந்த குடும்பம். அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்திலும் சரி, இங்கே லைன் வீட்டிலும் சரி, கதவைச் சாத்திவிட்டுக் கரியைக் கனலவிட்டுக் காலை நீட்டினால்தான் அவர்களுக்கு வீடு. சட்டிக்குப் பக்கத்து முக்காலி வீட்டுப் பெரியவருடையது. அவர் அப்பா உட்கார்ந்தார், பிறகு அவர். டாக்டர், புகை ரெண்டு பேருக்குமே ஆகாது என்று சொன்ன அன்றைக்கே பிரியா சட்டியை வாசலுக்குத் தூக்கிவிட்டாள். முக்காலியில் இப்போது நெபுலைசர் உட்கார்ந்திருக்கிறது.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், சட்டி போன பிறகு அவருக்கே மூச்சு லேசாகிவிட்டது. குழாயடி வரை நிற்காமல் நடக்க முடிந்தது. வெளியே சொல்வாரா? சொன்னால் அந்த ஒற்றை 'மாமா'வும் போய்விடும். அதனால் பிரியா பிள்ளையை மடியில் வைத்து முகமூடியை மாட்டும் நேரம் பார்த்து இல்லாத இருமலை வரவழைப்பார். முதலில் ஒரு செருமல், பிறகு குத்திக் குத்தி இருமல், கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு. அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விடுவார். அவள் பார்க்க மாட்டாள். கிருத்திக்தான் முகமூடிக்கு மேலே கண்ணை உருட்டி அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். 'பார்க்கிறதைப் பார், ஜமீன்தார் வீட்டு வாரிசு' என்று பொருமுவார்.

அன்றைக்கு மதியமே மலையில் மஞ்சுமூட்டம் இறங்கி, தூறலும் சேர்ந்துகொண்டது. சாப்பிட வந்த பிரியா மறுபடி கொழுந்து பறிக்கக் கிளம்பினாள்.

"ஏனுங்க மாமா, தம்பி தூங்குறான். மூச்சு இழுத்தா மெஷினப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. காமிச்சுக் குடுத்தனல்லங்க?"

"எல்லாந் தெரியும். எனக்கு இழுத்தா யாருக்குப் போன் பண்றது?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சிரித்தாள்! அந்தச் சிரிப்பு அவருக்குள் மிளகாயாய் எரிந்தது. 'என் வீடு, என் சட்டி, எனக்குக் குளிருது' என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டியை உள்ளே தூக்கி வந்து பற்றவைத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னல் சந்தில் சாக்கைத் திணித்தார். மெஷினைத் தரையில் இறக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தபோது, அடடா, போன பதவி திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கரி ஈரம். புகை கூரைக்கு ஏறி, கீழே இறங்கி, அறையை அடைத்துக்கொண்டது. கிருத்திக் இருமிக்கொண்டே எழுந்தான். இருமல் விசிலாக மாறியது. விலா உள்ளே போய்ப் போய் வந்தது. இருளப்பன் கதவைத் திறந்து சட்டியை முற்றத்து மழையில் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் நெஞ்சும் இறுகிவிட்டது. இந்த முறை நடிப்பில்லை. இன்ஹேலர் அந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்தது. அது வேறு ஊர் மாதிரி தெரிந்தது. தரையில் சரிந்தவர் மருந்தை ஊற்றி மெஷினைப் போட்டார். ஆவி வந்தது. கை தானாக முகமூடியைத் தன் மூக்கிடம் கொண்டுபோனது. எத்தனை நாள் ஆசை! ஒரு மூச்சு இழுத்தார். குளிர்ச்சியாக இறங்கியது. பிள்ளை அழக்கூட மூச்சில்லாமல் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தா... நீயே குடி" என்று அவனை மடியில் இழுத்துப்போட்டு முகமூடியை அழுத்தினார்.

மழை வலுத்து, பறிப்பை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. நனைந்தபடி வந்த பிரியா முற்றத்தில் உஸ்ஸென்று அணைந்துகொண்டிருந்த சட்டியைப் பார்த்தாள். உள்ளே ஓடி வந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். முதுகில் காதை வைத்தாள். விசில் அடங்கியிருந்தது. ஏச்சு வரப்போகிறது என்று இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். கருத்துப் போயிருந்தது.

பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு இன்ஹேலரை எடுத்து ஓடிவந்து அவர் கழுத்தைத் தாங்கிக்கொண்டாள். "மாமா, இங்க பாருங்க. இழுங்க. ம்... இன்னொருக்கா இழுங்க." ஈரக் கை அவர் முதுகை நீவியது. "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவருக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" அவள் அழுதாள். அவருக்காகத்தான் அழுதாள். மூச்சு இன்னும் பாதிதான் வந்தது. ஆனாலும் இந்தக் கை இப்படியே இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

பாயிலிருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு குத்திக் குத்தி இருமல். கிருத்திக் தன் குட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்து, ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தான்.

இருளப்பனுக்கு அந்த இருமல் தெரியும். சொல்வதற்குத்தான் மூச்சில்லை. அவர் முதுகிலிருந்த கை நின்றது.