எடுத்தவரே திருப்பித் தர வேண்டும்

கைகளைத் தொங்கவிட்டபடி கொடியில் தலைகீழாக ஆடுகிறது காக்கிச் சட்டை, மாடிவீட்டு ஆட்டோக்காரருடையதுதான், தெரியும், தெரிந்தும் பிலோமினாவால் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய தடித்த ஆங்கில அகராதி மடியில், விரல் அதே பக்கத்தில், லைன், அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு பக்கம், எல்லா அர்த்தத்துக்கும் அடியில் ஒரு செடி இருக்கிறது, ஆளிச்செடி, லத்தீனில் லினும், அதன் தண்டை ஊறவைத்து நார் உரித்துத் திரித்த நூல்தான் முதல் லைன், சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் கோடு விழுமே, அந்தக் கோடும் லைன் ஆயிற்று, கோட்டை ஒட்டி ஆட்கள் நின்றால் வரிசை, எழுத்துகள் நின்றால் வரி, நூல்போல் இறங்கிவரும் வம்சமும் அதுவே, கடைசியில் அந்த நூல் அலுமினியக் கம்பியாகிக் கம்பத்துக்குக் கம்பம் ஓடியபோது அதுவும் லைன், அதில் ஏறுகிறவர் லைன்மேன், தவசி.

தவசி ஏறுகிறார், பதினொரு ஆடிக்கு முன்னால், காற்று புழுதியை வாரி இறைக்கிற காலை, துணைமின்நிலையத்தில் பிலோமினாவின் மேசையில் போன் அடிக்கிறது, யக்கா, தவசி பேசுதேன், கீழக்காட்டு லைனுக்கு எல்சி குடுங்க, வெரசா முடிச்சிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரணும், எல்சி என்றால் லைன் கிளியர், அவள் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியை எடுத்துவைத்து, பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டால் அது செத்த கம்பி, மறுபடி உயிர் கொடுக்க ஒரே வழிதான், எல்சி எடுத்தவரே இறங்கி வந்து தன் வாயாலேயே திருப்பித் தர வேண்டும், என்ஜினீயரே சொன்னாலும் அதற்குமுன் சாவியைத் தொடக் கூடாது, மேசையிலிருந்து கம்பம் தெரியாது, கம்பத்திலிருந்து மேசை தெரியாது, நடுவில் இருப்பது ஒரு குரல் மட்டும்.

பன்னிரண்டரைக்கு அந்தக் குரல் வருகிறது, யக்கா, தவசி, எறங்கியாச்சு, லைனப் போடுங்க, அதே இழுப்பு, அதே கரகரப்பு, ஆனால் அவளுக்குத் தெரியும், அது சுயம்பு, தவசியோடு வேலை பார்ப்பவன், டீ குடிக்கையில் எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவான், ஏல, எங்குரல்ல பேசி எம்பொண்டாட்டிகிட்ட சோறு வாங்கித் தின்னுருவ போலயே என்று தவசியே சிரிப்பார், அவர் சாமான்களைக் கட்டுகிற நேரத்தில் அவர் குரலில் இவன் திருப்பித் தருவது வழக்கமாகிப்போனது, பத்துத் தடவையாவது இருக்கும், ஒவ்வொரு தடவையும் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு அவள் சுவிட்சைப் போட்டாள், அன்றும் சிரித்தாள், தவசி இறங்கத்தான் செய்திருந்தார், மேலே மறந்துவிட்ட கயிற்றை எடுக்க மறுபடி ஏறியிருந்தார்.

யார் குரல் என்று விசாரணையில் கேட்டார்கள், தவசி குரல் என்றாள், சுயம்பு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பதிவேட்டில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி, 12.32, தவசி திருப்பினார், அதுவும் லைன்தான், அது போதுமாக இருந்தது, செத்தவர் மேலேயே தப்பை எழுதி மூடினார்கள், பிறகு ஒவ்வொரு வருடமும் அதே நாளில் தவசியின் மனைவி மூக்கம்மாளிடமிருந்து போன், யக்கா, கடைசியா அவுக குரலக் கேட்டது நீங்கதானே, எப்படிக்கா இருந்துச்சு, காலையில சண்ட போட்டுட்டுல்லா போனாக, இல்லம்மா, சிரிச்சிக்கிட்டேதான் பேசுனாரு, பத்து வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, சுயம்புவின் குரல்தான் தவசியுடையது என்று காதும் நம்பிவிட்டது, துவைக்கும்போதும் ஜெபிக்கும்போதும் அந்தக் குரல் யக்கா என்கிறது, இறங்கியாச்சு என்று மட்டும் சொல்வதில்லை.

இன்றும் அதே நாள், போன் அடிக்கிறது, யக்கா, நான் மூக்கம்மா, லைன்ல இருக்கியளா, இருக்கேம்மா, அவுக குரல், என்று அவள் தொடங்குவதற்குள் பிலோமினா சொல்லிவிடுகிறாள், தன் வாயாலேயே, மூக்கம்மா, இறங்கியாச்சுன்னு சொன்னது அவரில்ல, சுயம்பு, எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சேதான் லைனப் போட்டேன், உன் வீட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்ல, பொய் சொன்னது நான், யக்கா என்ற அழைப்பு இல்லாமல் மூக்கம்மாள் கேட்கிறாள், அப்போ காலையில பேசுனது, அது அவருதாம்மா, அதுல என்ன சொன்னாக, மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரணும்னாரு, மூக்கம்மாள் போனை வைக்கவில்லை, காதோடு அதை அழுத்திக்கொண்டு பிலோமினா ஜன்னலைப் பார்க்கிறாள், கிளிப் கழன்று காக்கிச் சட்டை தரைக்கு இறங்கிவிட்டது, கொடி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, வெறும் நூலாக.