ஆறு கட்டை

சனிக்கிழமை காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போகும் வழியில் பேனரைப் பார்த்தேன். மாதா கோயில் மதிலை ஒட்டி, ஈ.சி.ஆர். ரோட்டைப் பார்த்தபடி, இரண்டு சவுக்குக் கம்புகளில் கட்டியிருந்தார்கள். 'இசை வாரம். நாளை ஞாயிறு முதல் ஏழு நாட்கள். சாதி மத பேதமின்றி அனைவரும் வருக.' ஒவ்வொரு நாளும் யார் பாடுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசி வரியில், ஏழாம் நாளுக்கு நேராக: 'நிறைவுப் பாடல் – திருமதி சிவரஞ்சனி ரகுநாத்.'

சிவரஞ்சனி என் மனைவி. ஆடி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். இது தை.

வண்டியை நிறுத்தி இன்னொரு முறை வாசித்தேன். போட்டோவும் இருந்தது. போன வருடம் மேடையில் எடுத்தது. நீலப் புடவை. கண்கள் பாதி மூடியிருந்தன. பிறகு வேலைக்குப் போய்விட்டேன். கட்டுமாவடி லாரிக்கு ஐஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

லாரி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மேரி டீச்சர் வந்தார். முழுப் பெயர் அடைக்கலமேரி. கோயில் பாடகர் குழுவை அவர்தான் நடத்துகிறார். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இன்னொரு கையில் வெள்ளை ஸ்டிக்கர் சுருள்.

"ரகு, நான் பண்ணுன வேலையப் பாத்தியாப்பா? போன வருசத்துப் பேனர வாட்ஸ்அப்புல அனுப்பி, இதே மாதிரி போடுங்க, தேதி மட்டும் மாத்துங்கன்னு சொன்னேன். மணமேல்குடிக் கடைக்காரன் என்னத்தக் கண்டான்? தேதிய மட்டும் மாத்திட்டான்."

"சரி, டீச்சர்."

"என்ன சரி? காலைலேர்ந்து ஃபாதர் எம் மூஞ்சியப் பாக்கல. நான் மாதா மூஞ்சியப் பாக்கல. இந்தா, ஸ்டிக்கர் வாங்கிட்டேன். ஒங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அந்தப் பேரு மேல ஒட்டிரலாம்னுதான் வந்தேன்."

ஆடியிலிருந்து இந்த வேலையை நான் நிறையச் செய்திருந்தேன். ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுத்தேன். கேஸ் கனெக்‌ஷனை மாற்றினேன். செல் நம்பரை ரத்து செய்தேன். இ-சேவை மையத்துப் பெண் ஒவ்வொரு தடவையும் "நீக்கமா சார்?" என்று கேட்பாள். "ஆமாங்க" என்பேன். அழுகை வராது. சுடுகாட்டிலும் வரவில்லை. கல் மாதிரி நிற்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது சரிதான்.

"ஒட்ட வேண்டாம், டீச்சர்."

"ஏம்ப்பா?"

"இருக்கட்டும்."

சொல்வது சுலபமாக இருந்தது. என்ன சொல்லிவிட்டேன் என்பது சாயங்காலம் ஃபாதர் போன் செய்தபோதுதான் விளங்கியது.

"ரகு, பேர எடுக்க வேணாம்னீங்களாம். சந்தோசம். அப்ப அந்தக் கடைசி அரை மணி நேரம் ஒங்க பொறுப்பு. என்ன செய்யப் போறீங்க?"

"யோசிக்கிறேன், ஃபாதர்."

"யோசிங்க. முடியலேன்னாலும் ஒண்ணுமில்ல, வியாழக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, வேற பாட்டு வச்சுக்கலாம். சொல்லாம மட்டும் இருந்துராதீங்க. சனங்க கடைசி நாள் அந்தப் பாட்டுக்காகத்தான் வாராங்க."

அந்தப் பாட்டு கஜா புயலில் பிறந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான். எங்கள் வீட்டு ஓடு பறந்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அதே நிலைமை. தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. கோயில் கட்டடம் நின்றது. ஃபாதர் கதவுகளைத் திறந்துவிட்டார். நீ என்ன சாமி கும்பிடுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரு வாரம் அங்கேயே இருந்தோம். அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே நாங்கள் பாய் விரித்துக்கொண்டோம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. பொழுது சாய்ந்தால் முதலில் குழந்தைகள் அழும், பிறகு பெரியவர்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் எழுந்து நின்று பாடினாள். புதுக்கோட்டை இசைப்பள்ளியில் படித்தவள். படித்தது எதையும் பாடவில்லை. சொந்தமாக இட்டுக்கட்டினாள்.

'கூரை போச்சு, கூரை போச்சு – என்ன இருக்கு?'

யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டாள். மூலையிலிருந்து ஒருவர் "சுவரு இருக்கு" என்றார். அதைப் பாட்டில் சேர்த்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். 'தென்னை போச்சு – என்ன இருக்கு?' "தேங்கா கெடக்கு, பொறுக்க ஆளு இருக்கு." 'வலையும் போச்சு – என்ன இருக்கு?' "எம் மாமியா இருக்கு!" என்று ஒரு குரல். மீன் விற்கிற முத்துமாரியம்மாள். பக்கத்திலேயே மாமியார். "நான் இருக்கப் போயித்தான்டி நீ கஞ்சி குடிக்கிற" என்று முதுகில் ஒன்று வைத்தார். கோயிலே சிரித்தது. புயலுக்குப் பிறகு எங்கள் ஊர் சிரித்தது அப்போதுதான்.

என்னிடமும் கேட்டாள். "செல்லு இருக்கு, சார்ஜ் இல்ல" என்றேன்.

அந்த வாரத்தின் நினைவாகத்தான் இசை வாரம். மழைக்குப் பயந்து தைக்கு மாற்றிக்கொண்டார்கள். வருடா வருடம் கடைசிப் பாட்டு அவளுடையது. ஊரில் அதற்கு 'இருக்குப் பாட்டு' என்று பெயர். அவள் பாடுவாள், ஊர் கத்திப் பதில் சொல்லும். நானும் வருடா வருடம் அதே பதிலைச் சொல்வேன்.

மேடை என்று வந்தபின் சுருதி வேண்டும் என்றாள். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி ஒன்று வாங்கினேன். சுருதியின் உயரத்தைக் கட்டை என்பார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பெண்களுக்குப் பெரும்பாலும் நாலு, ஐந்து. அவளுக்கு ஆறு. பெட்டியின் திருகியில் ஆறுக்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். "நீங்க பாட்டுக்கு எங்கிட்டாவது திருகி வச்சுருவீங்க. அப்புறம் நான் கழுதையாட்டம் கத்தணும்." மேடையில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போடுவது என் வேலை. வேறு சங்கீதம் எனக்குத் தெரியாது.

ஆடிக்குப் பிறகு பெட்டி பீரோவில் இருந்தது. திருகி ஆறில் இருந்தது. நான் தொடவில்லை.

இசை வாரம் தொடங்கியது. நீர்மோருக்கு ஐஸ் எங்கள் கம்பெனி கொடுக்கும். தினமும் சாயங்காலம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் கோயில் பாடகர் குழு. அடுத்த நாள் நையாண்டி மேளம். அடித்த அடியில் மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமும் கடல் பக்கம் பறந்துவிட்டன. துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் கரோக்கியில் பாடினார். இசை முடிந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

முத்துமாரியம்மாள் தினமும் காலையில் மீனுக்கு ஐஸ் வாங்க வருவார்.

"என்ன ஐஸ்காரத் தம்பி, கடைசி நாள் நீதான் பாடப் போறியாமே? சொல்லிட்டுப் பாடுப்பா. நையாண்டி மேளத்துக்குப் புறாதான் போச்சு. நீ பாடினா கடல்ல மீனு போயிரும். எம் பொழப்பு நாறிரும்."

"பாடல அக்கா."

"பின்ன என்ன செய்வ?"

"தெரியல."

அவர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டு, ஐஸை வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை ஐயனார் கோயில் பஜனைக் குழு. ஆர்மோனியத்தில் அழுத்திய ஒரு கட்டை மறுபடி எழும்பவில்லை. மேரி டீச்சர் என்னிடம் ஓடிவந்தார்.

"ரகு, அந்தப் பெட்டியக் கொஞ்சம் குடேன். ஒரு மணி நேரம்."

"தரலாம், டீச்சர். திருகிய ஆறுலேர்ந்து நகத்தக் கூடாது."

பஜனைக் குழுத் தலைவர் பிச்சைமுத்து பக்கத்தில்தான் நின்றார். பெரிய உடம்பு, கீழ்க் குரல். "ஆறு கட்டையா? அதுல நான் பாடினா ஆம்புலன்ஸ் வந்துரும் தம்பி" என்றார். பெட்டி வேண்டாம் என்று கைத்தாளத்தை வைத்துக்கொண்டே பாடி முடித்தார்கள். வெறும் தாளத்தில் அவர் தடுமாறியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை ஃபாதரைப் பார்த்தேன்.

"பெட்டிய எடுத்துட்டு வாரேன், ஃபாதர். சுவிட்சப் போடுறேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"பெட்டி என்ன பாடும்?"

"ஒண்ணும் பாடாது. ரீங்காரம் மட்டும் கேக்கும்."

"போதும். ஜெபத்துல முக்கால்வாசி நேரம் எனக்கும் அதுதான் கேக்குது" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் உட்கார இடமில்லை. நாற்காலிகள் தீர்ந்து, மதில் மேல்கூட ஆட்கள். நான் மேடையேறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மைக் இருந்தது. மைக்குக்குப் பின்னால் யாரும் இல்லை. இன்னொரு சின்ன மைக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன்.

ஆறு கட்டை. ஆடிக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்டேன். அவள் தொண்டையைச் செருமிக்கொள்கிற நேரம் கடந்தது. ஆரம்பிக்கிற நேரமும் கடந்தது. நான் திருகியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து முத்துமாரியம்மாள் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. 'கூரை போச்சு' என்று எடுத்தார். இரண்டாவது 'போச்சு'வில் குரல் பிளந்தது. "சேவல் இருக்கு!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு. மேரி டீச்சர் தன் குழுவோடு எழுந்து உதவிக்கு வந்தார். 'என்ன இருக்கு' வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு அவர்களும் இருமிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை ஊர் பாடியதே இல்லை. பதில் மட்டும்தான் சொல்லியிருக்கிறது. பதில் சொல்லச் சுருதி தேவையில்லை.

முத்துமாரியம்மாள் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"தம்பி, அத ரெண்டு கட்டை எறக்குப்பா. அந்தப் புள்ளைக்கு வானம் எட்டும். எங்களுக்கு எட்டல."

"எறக்க முடியாதுக்கா" என்றேன். மைக் அதை எல்லோருக்கும் சொன்னது.

அவர் கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார்:

"அப்ப நாங்க எப்படிப்பா அவ பாட்டப் பாடுறது?"

அந்தக் கேள்வியில் இருந்த 'நாங்க' எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பேனரில் பெயரைக் காப்பாற்றினேன். பீரோவில் பெட்டியைக் காப்பாற்றினேன். பாட்டு இவர்களிடம் இருந்திருக்கிறது.

திருகியில் விரலை வைத்தேன். சிவப்புப் பொட்டு நகத்தடியில் லேசாக மேடாகத் தட்டுப்பட்டது. திருப்பினேன். சுருதி, கட்டவிழ்ந்த மாடு கத்துவது போல ஒரு இழுவையோடு கீழே இறங்கியது. ஐந்தைக் கடந்தது. நாலில் நின்றது.

"இந்தா, இது எங்க ஊரு" என்றார் முத்துமாரியம்மாள்.

பாடினார்கள். அவர் எடுக்க, மேரி டீச்சரின் குழு சேர, பிறகு எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஆண்கள் கீழ்க் குரலில் சேர்ந்துகொண்டார்கள். பிச்சைமுத்துவின் குரல் தரை மாதிரி விரிந்து கிடந்தது. 'கூரை போச்சு – என்ன இருக்கு?' "கான்கிரீட் இருக்கு!" 'ஆர்மோனியம் போச்சு – என்ன இருக்கு?' "பிச்சைமுத்து தொண்ட இருக்கு!" மேரி டீச்சர் "பேனர் இருக்கு!" என்று தானே கத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். போன வருடம் மாமியாரைப் பறிகொடுத்திருந்த முத்துமாரியம்மாள், 'மாமியா போச்சு – என்ன இருக்கு?' என்று கொஞ்சம் குரல் தழைந்து பாடினார். கூட்டத்திலிருந்து அவர் மருமகள்: "எனக்கு இருக்கு!"

கோயில் மதில் வரைக்கும் சிரிப்பு போய்த் திரும்பியது. முத்துமாரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"ஐஸ்காரத் தம்பி, ஒனக்கு என்ன இருக்கு?"

பழைய பதிலையே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"செல்லு இருக்கு" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

ஒரு நொடிதான்.

"சார்ஜ் இல்ல!" என்று ஊர் மொத்தமும் கத்தியது. குழந்தைகள்கூட. எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அழுதேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும், சத்தமாக. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நிறுத்தியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். என்னாலும் அழுது முடிக்க முடிந்தது.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மேரி டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரகு, மறக்காம ஆறுல வச்சுரவா?"

"வேணாம், டீச்சர். நாலுலயே இருக்கட்டும். பெட்டியும் இங்கயே இருக்கட்டும். பிச்சைமுத்து அண்ணனுக்கு வேணும்னா எறக்கிக்கிடட்டும்."

அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கேட்டார்:

"அடுத்த வருசம் பேனர்ல என்னப்பா போடச் சொல்ல?"

"இதே மாதிரி போடச் சொல்லுங்க" என்றேன். "தேதி மட்டும் மாத்தினாப் போதும்."