அவரவர் திரையில் அவரவர் மேலே

கம்ப்யூட்டர் சர்வரைக் கவனிப்பதால் அந்தப் பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர் சர்வரக்கா. ஓட்டலில் பரிமாறுகிற சர்வர் இல்லை என்பதில் அவள் மாமியாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அட்டை வரைகிறவரைப் போல அவளும் ஒப்பந்த ஆள்தான்.

நூல்களும் படங்களும் மூன்று கணினி வட்டுகளில் மூலைக்கொன்றாகக் கிடந்தன. எதையும் இடம் மாற்றாமல், எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுபோல் திரையில் காட்டும் மெய்நிகர் கோப்பமைப்பு ஒன்றை அவள் நிறுவ வேண்டும். முடித்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளியான பெரியவர் சொல்லியிருந்தார். வருஷா வருஷம் வேலை தேடி அலுத்துப்போனவள்; அந்த ஒரு சொல்லுக்காகத் தலைகீழாகவும் நிற்பாள்.

வேலை சுலபம். பெரியவரின் மகன்கள்தான் சுலபமில்லை. மூத்தவர் ஆசிரியர் குழுவுக்குத் தலைவர், இளையவர் விற்பனைக்கு.

"ஏம்மா, என் ஃபோல்டர்தான் மேல வரணும். நான் மூத்தவன்."

"அண்ணன் அச்சடிச்சு அடுக்குவாரு. நான் வித்தாத்தானே சோறு? என்னோடத மேல வைங்கக்கா."

அகர வரிசையில் போடலாமே என்றாள். 'ஆசிரியர்' முந்திக்கொள்ளும் என்று தெரிந்ததும் இளையவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு யோசனை வந்தது. இல்லாத அடுக்கைத்தானே காட்டப்போகிறோம், ஆளுக்கொன்றாகக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? அண்ணன் உள்ளே நுழைந்தால் அண்ணன் மேலே, தம்பி நுழைந்தால் தம்பி மேலே. அமைப்புக் கோப்பில் இரண்டே வரிதான்.

இருவருக்கும் வாயெல்லாம் பல். "தம்பிகிட்ட சொல்லாதம்மா, பாவம்" என்றார் அண்ணன். "அண்ணன் மனசு நோகும், விட்டுடுங்க" என்றார் தம்பி.

ஒரு நாள் பெரியவர் பார்வையிட வந்தார். முதலில் மூத்தவர் அறைக்குப் போனார். பிறகு இளையவர் அறைக்குப் போனார். வெளியே வந்து, "சர்வரக்காவ வரச் சொல்லு" என்றார். தொலைந்தோம் என்றே நினைத்தாள்.

அவர் கதவைச் சாத்தினார். "ரெண்டு பேரும் தான்தான் மேலன்னு சொல்றானுங்க. உன் வேலையா?"

"ஆமாங்கய்யா. மன்னிச்சிருங்க, இப்பவே மாத்திடறேன்."

"அய்யய்யோ, தொட்டுடாதே!" என்று பதறியவர் சிரித்துவிட்டார். "மீசை மொளச்ச நாள்லேர்ந்து ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா 'எனக்கப்புறம் நீதாண்டா'ன்னு சொல்லிட்டு வரேன். நான் வாயால பண்ணத நீ மெஷின்லயே பண்ணிட்டியேம்மா!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அய்யா, என்னோட நிரந்தரம்..."

"உன்ன விட்டா யாரு இருக்கா? நிரந்தரமாக்குற லிஸ்ட்ல மொதப் பேரு உன்னோடதுதான். மத்தவங்ககிட்ட இப்ப சொல்லிக்காதே, வருத்தப்படுவாங்க."

கால் தரையில் பாவாமல் வெளியே வந்தாள். முதலில் மாமியாரிடம்தான் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். மாடிப்படியில் அட்டை வரைகிறவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மனைவியிடம் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"மொதப் பேரு என்னோடதுதானாம். யார்கிட்டயும் மூச்சு விடாதே. சர்வரக்கா வருத்தப்படுவாங்களாம்."