வீடு மாற்றக் கேட்ட காரணம்

சுபாஜினி இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் நாலு மாதமாகியும் அவளைப் பொறுப்பெடுத்த கந்தோரில் ஒரு பிழை பிடிக்கத் தகப்பன் சோமசேகரத்தால் முடியவில்லை. திருநெல்வேலியில் பலாலி வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அது. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளைக் கவனிக்கிற நிறுவனமாம்.

பிள்ளையின் பெயரெழுதிய மட்டையோடு விமான நிலையத்துக்கு ஆள் வரும் என்றார்கள், வந்தது. குளிர்ச்சட்டை தருவோம் என்றார்கள், தந்தார்கள். காய்ச்சல் வந்த கிழமை டொக்டரிடம் கூட்டிப்போகவும் ஆள் நின்றது. சோமசேகரம் பண்டத்தரிப்பில் வெங்காயம் வைக்கிற மனுசன். விதைவெங்காயம் வாங்கப் போனால் கடகத்தைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பார். கொட்டியும் அழுகல் அகப்படாவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தங்குகிற வீடும் அவர்கள் பார்த்துக் கொடுத்ததுதான். வீட்டுக்காரி குணலட்சுமி, நம் தமிழ்ச் சனம், அறுபது வயது, புருசன் இல்லை. வகுப்பு முடியப் பிந்தினால் குடையோடு பல்கலைக்கழக வாசலில் வந்து நிற்பாளாம். போனில் சுபாஜினி வாய்க்கு வாய் "குணம் அன்ரி" என்றாள். தாய் கனகாம்பிகை, "என்ரை பிள்ளைக்கு அங்கையும் ஒரு தாய் இருக்கிறா" என்று கோயிலில் சொல்லித் திரிந்தாள்.

ஒருநாள் மருதனார்மடம் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு நிற்கையில் அருளம்பலம் வந்தார். சோமசேகரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவருடைய மகன் லோஜன் அதே இங்கிலாந்து ஊரில் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணை, உங்கடை பெட்டை நிக்கிற வீடு ஆற்றை வீடெண்டு தெரியுமே?"

"தெரியாமல்? குணலட்சுமியெண்டு ஒரு மனுசி."

"எந்தக் குணலட்சுமி? தேப்பன் ஆர்? விசாரிச்சனியளே?"

சோமசேகரம் விசாரிக்கவில்லை. உலகத்தையெல்லாம் விசாரிக்கிறவர் இதை விட்டுவிட்டார். அருளம்பலம் கிட்ட வந்து ஊரைச் சொன்னார், ஒழுங்கையைச் சொன்னார், தகப்பனின் பேரைச் சொன்னார். அதற்கு மேல் சாதியை வாய்விட்டுச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"அவள் அவிச்ச புட்டைத்தான் உங்கடை மகள் திண்டுகொண்டு இருக்கிறாள். நாளைக்கு ஒரு கலியாணம் பேசினால் இதைக் கேக்கமாட்டினமே? லோஜன்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. எங்கடை ஆக்கள்."

வெங்காயத் தோல் ஒட்டிய சேட்டோடு சோமசேகரம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். கந்தோரில் கிறிஸ்ரினா என்ற பிள்ளை இருந்தாள். அவள்தான் கிழமைக்கொருதரம் சுபாஜினியோடு கதைக்கிறவள்.

"வீடு மாத்த வேணும்" என்றார், கதிரையில் இருக்காமலே.

"ஏன் ஐயா? போன கிழமையும் கதைச்சனான். அவ சந்தோசமாய் இருக்கிறா."

"தேப்பன் நான் சொல்லுறன். மகளும் ஓமெண்டு எழுதுவாள், அதை நான் பாக்கிறன்."

கிறிஸ்ரினா ஒரு படிவத்தை எடுத்தாள். "காரணம் போடவேணும். சாப்பாடு, தூரம், துப்புரவு, பாதுகாப்பு. எந்தப் பெட்டியிலை புள்ளடி போட?"

சாப்பாடு என்றால் பிள்ளை போன இடத்தில் கொழுத்திருக்கிறாள். தூரம் என்றால் நடந்து ஐந்து நிமிடம். அவருடைய காரணத்துக்கு அந்தத் தாளில் பெட்டி இல்லை.

"எதெண்டால் கெதியிலை நடக்கும்?"

"பாதுகாப்பெண்டால் ரெண்டு நாள். ஆனால் அது பெரிய முறைப்பாடு ஐயா. வீட்டுக்காறரை விசாரிப்பினம்."

"அதைப் போடு."

"அவ என்ன செய்தவ?"

"வீட்டுக்கு ஆம்பிளையள் வந்து போகினமாம்."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகவே சொன்னது.

மகளைச் சம்மதிக்க வைப்பது அதைவிடச் சுகமாய் முடிந்தது. "மாறாட்டில் படிப்பை விட்டிட்டு ஊருக்கு வா" என்றார். அவள் அழுதுகொண்டே ஒப்பமிட்டாள். பன்னிரண்டு வருடம் பிள்ளைகள் தங்கிப் படித்த வீட்டை நிறுவனம் பட்டியலிலிருந்து வெட்டியது.

லோஜன் வீட்டில் முதல் கிழமை சுபாஜினி விருந்தாளி. இரண்டாம் கிழமை அவன் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் விட்டாள். ஒரு மாதத்தில் விடிய ஆறு மணிக்குக் கடை திறப்பதும் அவள்தான். சம்பளம் இல்லை. வகுப்புக்கு வரவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது.

"மூண்டாம் கடிதம் வந்தால் விசாவை வெட்டிப்போடுவினம் அப்பா" என்றாள் போனில். "லோஜன் அண்ணையிட்டைச் சொன்னால், சொந்தக்காறருக்கு இந்த உதவியும் செய்யேலாதோ எண்டு கேக்கிறார். என்னைத் திரும்பக் குணம் அன்ரியிட்டை விடச்சொல்லிக் கந்தோரிலை கேளுங்கோ. அவ என்னோடை கோவமில்லை அப்பா. வா எண்டுதான் சொல்லுறா."

சோமசேகரம் போனார். இந்தமுறை கதிரையில் இருந்தார்.

"மற்ற வீடெல்லாம் நிரம்பிப்போச்சு ஐயா" என்றாள் கிறிஸ்ரினா. "அவவின்ரை வீடு மட்டும்தான் வெறுமை. விசாரிச்சதிலை ஒரு பிழையும் இல்லை. எண்டாலும் முறைப்பாடு இருக்குமட்டும் பிள்ளையை விடேலாது. அது பொய்யெண்டும், உண்மையிலை ஏன் மாத்தினனியளெண்டும் நீங்கள் எழுதி ஒப்பம் வையுங்கோ. நாளைக்கே மாத்துவம்."

வெள்ளைத்தாளும் பேனையும் தந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், எழுத்து மெதுவாகத்தான் வந்தது. 'குணலட்சுமி அம்மாவின் வீட்டில் என்ரை மகள் நல்லாய் இருந்தவ. மாற்றக் கேட்டது ஏனென்றால்' என்று எழுதினார். பேனை அதில் நின்றது.

"எழுதுங்கோ ஐயா."

அவர் தலையை நிமிர்த்தி அவளை வடிவாகப் பார்த்தார். "பிள்ளை, உனக்கு எந்த ஊர்? தேப்பன் ஆர்?"

கிறிஸ்ரினாவின் முகத்தில் மரியாதை அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"ஏன் ஐயா, என்னையும் மாத்தவேணுமே?"

சோமசேகரம் தாளை நாலாய் மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். படியிறங்கும்போது அவள், "ஐயா, மூண்டாம் கடிதம் வந்தால் எங்களாலை ஒண்டும் செய்யேலாது" என்று கூப்பிட்டுச் சொன்னதும் கேட்டது.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். கனகாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேட்டனியளே அப்பா? என்னவாம்?"

"கேட்டனான். ஏலாதாம். உவங்கள் சரியான கள்ளர், பிள்ளை. காசு வாங்குமட்டும்தான் உவங்கடை கதையெல்லாம்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"லோஜனோடை அனுசரிச்சு இரு. எங்கடை ஆக்கள்தானே."

அங்கே லோஜன் ஏதோ அதட்டுவது கேட்டது. "வாறன் அண்ணை" என்றாள் சுபாஜினி. போனை வைத்துவிட்டாள்.