கண்ணாடிக்குச் சாக்ஸ்

அலமாரியின் கீழ்த்தட்டைக் குடைந்து குடைந்து மாஸ்டர் மூன்று சாக்ஸ் கண்டெடுத்தார். மூன்றும் மூன்று நிறம். மற்றவை எங்கே போயின என்பது ஊருக்கே தெரியும். மதிலோரம் நிற்கும் அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் அவருடைய சாம்பல் நிறச் சாக்ஸை மாட்டிக்கொண்டு, எங்கோ கிளம்புகிற மாதிரி நின்றன.

"என் காலுக்கு இல்லாத மரியாதை அந்தக் கண்ணாடிக்கு!" என்றார் சத்தமாக.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து மனைவி திரும்பவில்லை. காம்பவுண்டுச் சுவரின் உடைந்த குழாய் ஓட்டைக்குள் ஒரு குண்டுகரிச்சான் ஜோடி கூடு கட்டியிருந்தது. முதுகு கறுப்பும் வயிறு வெள்ளையுமான அந்த ஆண் பறவைக்குக் காரின் கண்ணாடியில் ஓர் எதிரி தெரிந்துவிட்டான். காலையில் கண் விழித்ததிலிருந்து அவனைக் கொத்துவதே வேலை. பெட்டை தனியாளாய்ப் புழுவும் பூச்சியும் சுமந்துகொண்டிருக்க, ஐயா கண்ணாடியில் மல்லுக்கட்டி, கதவு முழுக்க எச்சத்தால் வெள்ளையடித்து வைப்பார். மனைவி ஒருநாள் சாக்ஸை மாட்டிவிட்டாள். மாட்டியதும் ஆண் பறவை குஞ்சுகளுக்கு இரை தேடக் கிளம்பியது. அன்று அவள் சிரித்ததைப் பார்த்து மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இத்தனை ஜோடி விலை என்று அப்போது தெரியாது.

அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்பதை இந்த ஊர் அவள் குரலில்தான் கேட்டிருக்கிறது. தொண்டையில் வளர்ந்த முடிச்சை அறுத்து எடுத்தபோது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்றார் டாக்டர். அப்புறம் அவரே, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகுங்கள் என்றார். இவள் வாயைத் திறந்தால்தானே? கை தட்டினால் 'இங்கே வா', மேஜையைத் தட்டினால் 'சாப்பாடு ரெடி', மற்றதெல்லாம் ஒரு சின்னச் சிலேட்டில். வருகிற திங்கட்கிழமை மேலாளர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். தவறினால் மெஷின் குரலைப் பொருத்திவிடுவார்கள்.

"திங்கட்கிழமை அந்த மனுஷன் முன்னாடி போய் என்ன பண்ணப் போற? கை தட்டப் போறியா? ஒரே ஒரு வார்த்தை பேசேம்மா. என்னைத் திட்டவாவது திட்டு."

அவள் சிலேட்டை எடுத்தாள். எழுதினாள். காட்டினாள்: 'இன்னைக்குக் குஞ்சு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு.'

"நல்லா எட்டிப் பாக்கட்டும்!" என்று ஜோடி சேராத சாக்ஸுகளை மாட்டிக்கொண்டு மாஸ்டர் வெளியேறினார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் சாக்ஸை உருவிப் பின்சீட்டில் எறிந்தார். அந்தக் கோபத்தில் மறுபக்கம் ஒன்று இருப்பது மறந்துபோனது.

அன்றைக்குப் பேக்கரி அம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவர். ரொட்டி கொண்டுபோகக் குட்டி வேன் ஒன்றை முன்கூட்டியே வாங்கிக் கடைவாசலில் நிறுத்திவைத்திருந்தார். வேலையாட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பது அவருக்கும் தெரியும். வண்டி நன்றாகத்தான் ஓட்டினார். முடிந்ததும் அதிகாரி இறங்கி வந்தார்.

"ஏன் மாஸ்டர், வண்டிக்குக் குளிருதா?"

மாஸ்டர் பார்த்தார். இடது கண்ணாடியில் சாக்ஸ் அப்படியே தொங்கியது. பேக்கரி அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கண்ணாடில சாக்ஸ் தொங்குதே, கண்ணு தெரியலையா? எடுக்க வேண்டாமா?"

"நீங்கதானே மாஸ்டர் துணியப் போட்டு மூடுவீங்க?" பேக்கரி அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "'கண்ணாடிய நம்பாத, கழுத்தத் திருப்பு'ன்னு தினமும் கத்துவீங்களே. டெஸ்ட்டுக்கும் வேணும்னே மாட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். கழுத்து சுளுக்கிக்கிற அளவுக்குத் திருப்புனேன்!"

அதுவும் உண்மைதான். கழுத்தைத் திருப்பாத சோம்பேறிகளைத் திருத்த அவரே கண்டுபிடித்த முறை அது. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தவர் அழுக்குச் சாக்ஸை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"அந்தம்மா மூணாவது தடவையா ஃபெயில். உன் குருவியால. இனிமே என் வண்டிமேல ஒரு நூல் தொங்கக் கூடாது. அது கண்ணாடில முட்டிச் சாகணும்னா சாகட்டும். நீ அதப் பாத்துக்கிட்டே ஊமையா உக்காந்திரு!"

'ஊமை' என்ற சொல் வாயைவிட்டுப் போனபிறகுதான் அவருக்கே கேட்டது.

மறுநாள் காலையில் மேஜை தட்டும் சத்தம் வரவில்லை. பல் தேய்த்த கையோடு ஷூவையும் மாட்டிக்கொண்டு, மாஸ்டர் கேட்டை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தார். முதல் மாணவர் வர நேரம் இருந்தது. டீக்கடைக்குப் போனால் நேற்றைய கதை தனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். காருக்குள் ஏறி, காற்றுக்காகக் கதவுக் கண்ணாடியை இறக்கி, சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது.

டக். டக் டக். வந்துவிட்டது. தலைக்கு இரண்டு முழம் தள்ளி, வாலை விறைத்துக்கொண்டு தன்னையே கொத்தியது. அலகோரம் லேசான சிவப்பு. கொத்திவிட்டு, தோற்றவனைப் போல மூச்சு வாங்கி, மறுபடியும் கொத்தியது. சனியனே என்று கையை ஓங்கப் போனார்.

"போ... டா."

நாள்பட்ட தாழ்ப்பாளை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். வீட்டு ஜன்னலிலிருந்து.

"போடா லூ... சு. அது... நீதான்டா. வே... ற யாரும் இல்ல."

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. அவருக்குத் தெரிந்த குரல் அதில் ஒரு இடத்திலும் இல்லை. கரகரப்பு, காற்று, நடுவே கொஞ்சம் எழுத்து. ஆனால் இன்றைக்குப் புதிதாகப் பேசிப் பார்க்கிற பேச்சாகவும் அது இல்லை. எந்த எழுத்து உடையும், எங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும் என்றெல்லாம் அவள் தெரிந்துவைத்திருந்தாள். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு வெளியே போனதும் தினமும் இங்கே நடப்பது இதுதான் போல.

"குஞ்சு... பசிக்குதுன்னு கத்துது. கே... க்கலையா?"

பிறகு அதே கரகரப்பு, இழுத்து, ஓர் இராகத்தில்: "மூன்றாவது... மேடையில்... நிற்கும்..." அங்கே குரல் அறுந்தது. இருமல். மறுபடியும் முதலிலிருந்து, "மூன்றா..."

மாஸ்டர் படுத்தபடியே காலை மடக்கி சத்தமில்லாமல் ஒரு ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். கொஞ்சம் நிமிர்ந்து கையை வெளியே நீட்டினால் கண்ணாடி எட்டிவிடும். மாட்ட ஒரு நொடி போதும். நீட்டினால் ஜன்னலிலிருந்து அவள் பார்த்துவிடுவாள்.

டக் டக் என்று அது கொத்திக்கொண்டிருந்தது. "மேடையில்" என்றது ஜன்னல். ஒரு கால் வெறுங்காலாக, சாக்ஸை நெஞ்சின்மேல் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் அசையாமல் படுத்திருந்தார்.