பரஞ்சோதி இறங்கவேண்டிய ஊர்

என் கணவர் பரஞ்சோதி மேஜைமேல் இருந்த ரயிலில் ஏறியபோது நான் பாலத்துக்குச் செங்கல் நிறம் பூசிக்கொண்டிருந்தேன். கையில் ஒற்றை மயிர்த் தூரிகை. அதனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போய்ட்டு வாரேன்" என்றார்.

"சரி" என்றேன்.

எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோடு கோணியிருக்கும்.

ரயில் நான் செய்தது. எனக்குப் பாளையங்கோட்டையில் பல் கட்டும் லேபில் வேலை. பகலெல்லாம் மெழுகில் கடைவாய்ப்பல் செய்வேன். வீட்டுக்கு வந்தால் ரயில் பாதை. தீக்குச்சியை நறுக்கிக் கட்டைகளாக அடுக்குவேன். செம்புக் கம்பியை அரத்தால் ராவித் தட்டையாக்கி மேலே ஒட்டினால் தண்டவாளம். பெட்டிகள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தவை. அவர் ஏறிய பெட்டியின் உட்சுவரில் யாரோ ஒரு மணமகளின் தாய்மாமன் பெயர் இருந்தது. பயணிகளை மெழுகில் செய்திருந்தேன்.

வண்டி பாலத்தைத் தாண்டி மேஜை விளிம்பில் போய் நின்றது. என் போன் அடித்தது.

"முன்னால பாதை இல்லன்னு டிரைவர் சொல்லுதாரு" என்றார் பரஞ்சோதி.

"இன்னும் போடல."

"எப்ப போடுவன்னு கேக்காரு."

"பின்னால எடுக்கச் சொல்லுங்க."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினார். பிறகு, "பின்னால எடுக்கிற வழக்கம் இல்லயாம்" என்றார்.

லேபுக்கு லீவு சொன்னேன். மேஜையிலிருந்து தரைக்கு ஒரு சரிவு கட்டினேன். நான் போடப் போட வண்டி வந்தது. நான் நிறுத்தினால் நின்றது. நான் காப்பி குடித்தால் டிரைவரும் காப்பி குடித்தார்.

அவர் வேலைபார்க்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போன் செய்து, பிரயாணத்தில் இருக்கிறார் என்றேன். "நல்லது, அவருக்கு லீவு நிறைய கெடக்கு" என்றார்கள். எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை.

கூடத்திலிருந்து அடுக்களைக்கு ஒரு நடை உண்டு. சாதாரணமாக ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். பாதை போட ஆரம்பித்ததும் அது நீண்டது. மத்தியானத்துக்குள் அடுக்களை வாசல் ஒரு தபால்தலை அளவாகத் தெரியும் தூரத்துக்குப் போய்விட்டது. குக்கர் விசில் வேறு ஏதோ ஊரிலிருந்து கேட்டது.

ரயில்வே விசாரணைக்குப் போன் செய்தேன்.

"உங்க வீட்டு வண்டி சரியான நேரத்துல ஓடிட்டிருக்கும்மா" என்றாள் ஒரு பெண்.

"அது எங்க போவுது?"

"பாதை போடுறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்" என்று வைத்துவிட்டாள்.

பரஞ்சோதியைக் கூப்பிட்டு டிக்கெட்டில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று கேட்டேன். "உன் கையெழுத்து. படிக்க முடியல" என்றார். டிக்கெட்டுகளையும் நான்தான் எழுதியிருந்தேன். கடுகளவு தாளில் அதற்குமேல் எழுத முடியாது.

அவர் எங்கே போக ஆசைப்படுவார் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்பதெல்லாம் தெரியும். இது தெரியவில்லை. அவர் இல்லாமல் வீடு சுத்தமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் அவருடைய சொந்த ஊரைச் செய்தேன். கீழ நல்லான்குளம். பல் அச்சு வார்க்கிற மாவை லேபிலிருந்து கொண்டுவந்து கோயிலை வார்த்தேன். கோபுரத்தில் சிலுவையும் மணியும் வைத்தேன். ஈர்க்குச்சியில் பனைமரங்கள் நட்டேன். வண்டி அங்கே நின்றது. யாரும் இறங்கவில்லை.

"எங்க ஊருதான். மணிகூட அப்படியே இருக்கு" என்றார்.

"எறங்கலயா?"

"எறங்கினா எல்லாரும் எப்ப வந்தன்னு கேப்பாங்க. அடுத்தாப்ல எப்ப போறன்னு கேப்பாங்க."

நடையின் நடுவில் கூட்டுறவுச் சங்கத்தைச் செய்தேன். அவர் நாற்காலியையும் போட்டேன். அதைத் தாண்டும்போது அவர் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டார்.

அன்றைக்குப் போனில் அவர் சிரித்தார். பக்கத்தில் யார் என்று கேட்டேன்.

"எதிர்ச் சீட்டுக்காரர். நல்ல மனுசன். ஒண்ணுமே கேக்க மாட்டாரு."

அந்த ஆளுக்கு நான் வாய் வரையவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பாதை அடுக்களையைக் கடந்து, பின்வாசல் வழியாகச் சந்துக்கு வந்தது. சந்தில் பக்கத்து வீட்டு இஸ்ரவேல் அண்ணாச்சி கைகாட்டியாகி நின்றுகொண்டிருந்தார். ரயிலை நில் என்றும் போ என்றும் சொல்லுகிற கைகாட்டி மரம். காலையில் பல் தேய்க்க வந்தவர் அப்படியே ஆகிவிட்டதாக அவர் மனைவி ஞானப்பூ அக்கா சொன்னாள். அவள் ஒரு ஸ்டூலில் ஏறி அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவருடைய வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. வண்டி அவர் செருப்புக்கு முன்னால் நின்றது.

"கைய எறக்குங்க அண்ணாச்சி" என்றேன்.

"அடுத்த ஸ்டேஷன்ல எடம் காலியா இருக்கா?"

"அடுத்தாப்ல ஸ்டேஷனே இல்ல."

"அப்ப எறக்க முடியாது தங்கச்சி."

"ஸ்டேஷன் எங்க வரணும்னே எனக்குத் தெரியல அண்ணாச்சி."

"தெரிஞ்சிட்டு வா. நான் இங்கதான நிக்கேன்."

ஞானப்பூ அக்கா மேலே பார்த்தாள். மேற்கே வானம் கறுத்திருந்தது. ஐப்பசி பிறந்தாயிற்று.

"ஜெயசீலி, இந்தப் பெட்டியெல்லாம் எதுல செஞ்ச?" என்று கேட்டாள்.

"அட்டையில."

அவள் ஒரு துண்டு இட்லியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அட்டை நனைந்தால் ஊறும். ஊறினால் கூரை அமுங்கும். அது எனக்குத் தெரியும். ரயில் மேஜையை விட்டு இறங்கும் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. தரையில் உட்கார்ந்து, லேபில் போடுகிற உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். பரஞ்சோதி அங்கே இருந்தார். போனைக் காதில் வைத்தார்.

"மழை வரப் போவுது" என்றேன்.

"தெரியுது. மண்வாசம் வருது."

"எங்க எறங்கணும்னு சொல்லுங்க. அத உடனே செஞ்சிருதேன்."

"எறங்கணும்னு ஏறலட்டி. சும்மா உக்காரணும்னுதான் ஏறினேன்."

"வீட்ல உக்காரலாமே."

"வீட்ல உக்காந்தா, லேப்ல இருந்து வந்ததும் என்ன சும்மா உக்காந்திருக்கியன்னு கேப்ப."

நான் கேட்பதுண்டு. தினமும் கேட்பேன். அது கேள்வி என்று நான் நினைத்ததில்லை. செருப்பைக் கழற்றும்போது வாயில் வரும்.

"அதுக்கு நீங்க பதிலே சொன்னதில்லயே."

"யோசிச்சிட்டேதான் இருந்தேன். ஒண்ணும் அகப்படல."

ஒரு துளி என் முழங்கையில் விழுந்தது. எழுந்து வீட்டுக்குள் ஓடினேன். நடை இன்னும் நீளமாகத்தான் இருந்தது. மாவையும் ஒரு பிஸ்கட் டின் மூடியையும் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். இஸ்ரவேல் அண்ணாச்சிக்கு அந்தப்பக்கம், அவர் காம்பவுண்டுச் சுவரின் அடியில், மாவைக் குழைத்து ஒரு பிளாட்பாரம் வார்த்தேன். நாலு குச்சி நட்டேன். டின் மூடியை வளைத்துக் கூரையாக வைத்தேன். டிக்கெட் கவுண்டர் வைக்கவில்லை. கடிகாரம் வைக்கவில்லை. ஊர் வைக்கவில்லை. இரண்டு முழம் தண்டவாளத்தை அவசரமாக ஒட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

"ஸ்டேஷன் ரெடி அண்ணாச்சி."

"பேரு?"

"பேரில்ல."

"பேரில்லாத ஸ்டேஷன்ல எடம் காலின்னு நான் எப்படிச் சொல்ல?"

"காலியாத்தான இருக்கு, கண்ணு தெரியலயா?" என்றாள் ஞானப்பூ அக்கா. "பேரு எதுக்கு? கைய எறக்குங்க. எனக்குத் துணி கெடக்கு கொடியில."

அவர் கொஞ்சம் யோசித்தார். கை கிறீச்சென்று இறங்கியது.

வண்டி நகர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் பெட்டியின் கூரை ஊறி நடுவில் குழிந்தது. அடுத்த பெட்டியும் குழிந்தது. பரஞ்சோதியின் பெட்டி பிளாட்பாரத்துக்கு வந்ததும் கதவு பக்கமாகச் சாய்ந்தது. அவர் குனிந்து இறங்கினார். இறங்கித் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்து யாருக்கோ தலையாட்டினார். பிறகு பெட்டி தாளாகிவிட்டது. மற்றவர்கள் மெழுகு. தண்ணீரில் மிதந்து சந்தின் முனைப்பக்கம் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

அவர் டின் கூரைக்கடியில் நின்றார். மழை டின்மேல் விழும் சத்தம் எனக்கும் கேட்டது. இடம் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

ஞானப்பூ அக்கா துணியை எடுத்துக்கொண்டு வந்து ஒரு போர்வையை இஸ்ரவேல் அண்ணாச்சி தலையில் போட்டாள். எனக்கு ஒரு குடை கொடுத்தாள்.

போன் அடித்தது.

"ஒரு பெஞ்சு போடுவியா?"

"போடுதேன்."

"ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி."

குடையைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஐஸ் குச்சி ஒன்றை அறுத்தேன். முனைகளை அரத்தால் தேய்த்தேன். கால் வைத்தேன். இடுக்கியால் எடுத்து டின் கூரைக்கடியில் வைத்தேன்.

பரஞ்சோதி அதைக் கையால் துடைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.