ஃபேன் விளக்குக்கு இரண்டு எஜமான்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது உச்சந்தலைக்கு ஏறியதற்குக் காரணம் ஒரு ரிமோட்.

என் அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அண்ணன் கப்பலில் சமையல்காரன். கிளம்பினால் மாதக்கணக்கில் கடல்தான். வீட்டில் இருப்பது அண்ணியும், அவள் தையல் மெஷினும், கைக்குழந்தையும். "பிள்ளை அழுதா இவளுக்கு எப்படித் தெரியும்? பெரியவன் வர்ற வரைக்கும் நான் தூக்கிட்டுப் போறேன்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணி நாத்தனாரான என்னை மட்டும் தனியே இழுத்துப்போய்க் கைச்சாடையில் சொன்னாள்: "பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். ஏதாவது செய்."

கடைகளுக்கு விளக்கு மாட்டுவதுதான் என் பிழைப்பு. செய்யாமல் விடுவேனா? தொட்டில் பக்கத்தில் அழுகையைக் கேட்கும் சின்னக் கருவி ஒன்று. அது தகவல் கொடுத்ததும், ஃபேன் ரிமோட் மாதிரியே சிக்னல் விடும் ஒரு பெட்டி, தையல் மெஷினுக்கு மேலே ஃபேனோடு சேர்ந்திருக்கும் விளக்கைப் போட்டுவிடும். விளக்கு எரிந்தால் பிள்ளை அழுகிறான். என் போனிலும் அது தெரியும். நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டோம். சிறிது நேரத்தில் பிள்ளை அழுதான். அண்ணி வரவில்லை. தொட்டிலருகே நின்ற நான் தையல் அறைக்குப் போய்ப் பார்த்தால், தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். போனைப் பார்த்தேன்: விளக்கு எரிகிறது என்றது. நிமிர்ந்து பார்த்தேன்: எரியத்தான் செய்தது. அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பார்த்தியாடி உன் மாய விளக்கை" என்றாள் என்னிடம். அண்ணியின் முகம் செத்துவிட்டது.

விசாரித்தால்தான் கூத்து புரிந்தது. அறை இருட்டாக இருக்கிறதே, மருமகள் கண் கெட்டுவிடுமே என்று அம்மா முன்பே ரிமோட்டில் விளக்கைப் போட்டிருக்கிறாள். அந்த ரிமோட்டில் போடவும் அணைக்கவும் ஒரே பட்டன். எரியும் விளக்குக்குப் பெட்டி சிக்னல் விட்டதும் அது அணைந்திருக்கிறது. மாமியார் கரண்டை மிச்சம் பிடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அண்ணி ரிமோட்டை எடுத்து மறுபடியும் போட்டுவிட்டுத் தையலைத் தொடர்ந்திருக்கிறாள். மூன்று பேருமே நல்லதைத்தான் செய்திருக்கிறார்கள், பெட்டியையும் சேர்த்து.

"அந்த ரிமோட்ட இப்படிக் குடும்மா" என்றேன்.

"ஏன், விளக்கு போடக்கூட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிருவேன்."

கோபத்தில் ஏணியைத் தடாலென்று விரித்தேன். மேலே ஏறும்போதுதான் பொறி தட்டியது. நான் ரிமோட்டின் மேல் ஏன் பாய்கிறேன்? தப்பு என்னுடையது. சிக்னல் விட்டோமே, அதனால் எரியத்தான் செய்யும் என்று என் பெட்டி குருட்டுத்தனமாக நம்புகிறது. ஃபேன் ஒருநாளும் பதில் பேசாது. ஆனால் விளக்குக்குப் போகும் ஒயர் பொய் சொல்லாது. அதில் கரண்ட் ஓடினால் எரிகிறது, ஓடாவிட்டால் இல்லை. சந்தோஷத்தில் ஏணியிலிருந்து விழப் பார்த்தேன்.

மெயினை அணைத்துவிட்டு, கூரையை ஒட்டிய மூடியைக் கழற்றினேன். விளக்கு ஒயரைச் சுற்றி, கரண்ட் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் குட்டி சென்சாரை மாட்டினேன். இனி யார் எந்தப் பட்டனை அமுக்கினாலும் பெட்டிக்கும் போனுக்கும் உண்மை தெரியும். பிள்ளை அழுதால், எரிகிற விளக்கானாலும் அணைந்த விளக்கானாலும் மின்னி மின்னிக் கூப்பிட வேண்டும். அவனைத் தூக்கி அழுகை நின்ற பிறகு, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வேண்டும். இப்படிப் பெட்டிக்குப் பாடம் சொல்லிவைத்தேன். மெயினைத் திரும்பப் போட்டதும் அண்ணி கீழே நின்று ரிமோட்டைத் தாறுமாறாக அமுக்கினாள். நான் போனைப் பார்த்துக் கையால் "எரியுது", "இல்லை", "எரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு பேரும் கிறுக்குப் பிடித்தவர்கள்போல் சிரித்தோம்.

எல்லாம் தயார், பிள்ளைதான் தயாரில்லை. எழுந்தான், கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். அழுடா ராசா என்று கெஞ்சவா முடியும்? அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அலுத்துப்போய்ச் சமையலறைக்குப் போனாள். போகிற போக்கில் ரிமோட்டை அமுக்கித் தையல் அறை விளக்கைப் போட்டுவிட்டே போனாள். அண்ணி தைக்க உட்கார்ந்தாள்.

சமையலறையில் மிக்ஸி கர்ரென்று ஓடத் தொடங்கியதும் பிள்ளை வீறிட்டான்.

விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி, அழுகையை விம்மலாக்கி, விம்மலையும் அடக்கிய பிறகுதான் மிக்ஸி நின்றது.

அம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அண்ணியின் தோளில் கன்னம் நனைந்த பேரனைப் பார்த்தாள்.

"எப்ப அழுதான்?"

உதட்டசைவைப் படித்த அண்ணி, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதில் சொன்னாள். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியது என் வேலை. அவ்வளவு ஆசையாக நான் எதையும் எடுத்துச் சொன்னதில்லை.

"உங்களுக்குக் கேக்கலையா அத்தைன்னு கேக்குறாங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், அசையாமல் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி என்னிடம் கேட்டாள்.

"ஏண்டி, அதுல ஒண்ணு சமையல்கட்டுக்கும் போட முடியுமா? நான் வந்து போற நாள்ல எனக்கும் தெரியணும்ல."